மகளை அர்ப்பணித்தவர்

உட்கார்ந்துகொண்டு வந்தால் கூட்டத்துக்குத் தெரியாது, நின்றுகொண்டுதான் வரவேண்டும் என்று அண்ணன் சுகுமாறன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வேதவல்லி ஜீப்பில் நின்றுகொண்டு வந்தாள். கூரையைக் கழற்றிவிட்ட பழைய ஜீப். மாப்பிள்ளை அழைப்புக்கென்று அவன் வாடகைக்கு விடுவது. முன்கம்பியில் போன முகூர்த்தத்தின் ஜிகினாத் துணி ஒன்று அவிழ்க்காமல் விட்டுப்போய்க் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு மாப்பிள்ளை வேர்த்து வழிய நின்ற இடத்தில் இப்போது தான் நிற்கிறோம் என்று நினைத்தாள். அவனுக்காவது ஊர்வலத்தின் முடிவில் ஒரு பெண்டாட்டி கிடைத்திருப்பாள். முன்னால் பேண்டு செட்டு, அதற்கும் முன்னால் சரவெடி கொளுத்துகிறவன், பின்னால் ஏழெட்டு மோட்டார் பைக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு கொடி. மாலைகளின் ஈரம் காலருக்குள் இறங்கி முதுகில் புழுப்போல ஊர்ந்தது. மேல்கொத்தூர் ஊர் வளைவிலிருந்து வீட்டுக்கு நடந்தால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்தான். ஆனால் ஜீப் நகரமாட்டேன் என்கிறது, பேண்டுக்காரர்கள் ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் நின்று ஒரு பாட்டை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள். சுகுமாறன் அப்படித்தான் பேசிவைத்திருப்பான். பந்தல் போடுவது, சீரியல் பல்பு கட்டுவது, பிணத்துக்குப் பூப்பல்லக்கு ஜோடிப்பது எல்லாம் அவன் தொழில். தங்கை ஓய்வுபெற்று வருவதும் அவனுக்கு ஒரு ஆர்டர்தான். ரயிலில் அவள் சுடிதார் போட்டுக்கொண்டுதான் ஏறினாள். "யூனிஃபார்ம்ல வாம்மா வேதா, இன்னும் லீவுலதானே இருக்கே, போடலாம் இல்ல? ஊரு பாக்கணும்" என்று வழியெல்லாம் போன் பண்ணிக்கொண்டே இருந்தான். முடியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். காட்பாடி வருவதற்கு முன்னால் ரயில் கக்கூசில் ஒற்றைக் காலில் நின்று ஆடி ஆடிப் பேண்ட்டை மாட்டியதும், அந்த அழுக்குக் கண்ணாடியில் தொப்பியை இடமும் வலமும் சரித்துப் பார்த்ததும் வேறு யாரும் இல்லை. அதை நினைத்தபோது பேண்டுக்காரர்கள் மேலிருந்த எரிச்சல் எல்லாம் திரும்பி வந்து அவள்மேலேயே விழுந்தது.

பெருமாள் கோயில் திருப்பத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். இரண்டு மாடி உயரம். அவள் முகத்தை எங்கிருந்தோ வெட்டியெடுத்து வேறு எவளுடைய உடம்பிலோ ஒட்டியிருந்தான். அந்த உடம்பு இருபது வயசு உடம்பு, இடுப்பு ஒரு பிடி, கையில் அவள் ஒருநாளும் தொட்டிராத ஏதோ ஒரு துப்பாக்கி. பின்னால் ஒரு பனிமலை, ஒரு வெள்ளைக் குதிரை. குதிரை எதற்கு? மத்திய ரிசர்வ் போலீசில் இருபத்து மூன்று வருஷம் இருந்தவள், அதில் பாதியை ஏதாவது ஒரு கேட்டின் பக்கத்தில் நின்றே கழித்தவள், குதிரையை டில்லியில் குடியரசு தினத்தன்று தூரத்தில் பார்த்ததோடு சரி. கீழே இடது மூலையில் சுகுமாறன் கைகூப்பிச் சிரித்தான், அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவனின் சிரிப்பு. வலது மூலையில் அப்பா. பழைய மிலிட்டரிப் படம், மீசை முறுக்கி. அதன் கீழே தங்க எழுத்தில்: தன் மகளைத் தேசத்துக்கு அர்ப்பணித்த வீரத் தந்தை ஹவில்தார் ஏகாம்பரம். அர்ப்பணித்த. அவள் அந்த வார்த்தையை விட்டு நகர முடியாமல் நின்றாள். ஜீப் நகர்ந்தது, வார்த்தை கூடவே வந்தது. அர்ப்பணித்த. எப்படி அர்ப்பணித்தார்? வேலை கிடைத்துக் கிளம்பிய அன்றைக்கு அவர் காலையிலேயே கழனிக்குப் போய்விட்டார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தவள் அவரை வரப்பில் பார்த்தாள். குனிந்து மடைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மண்வெட்டி மட்டும் கொஞ்சம் வேகமாக விழுந்தது. அதுதான் அர்ப்பணிப்பு. முந்தின ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னார், அவளிடம் சொல்லவில்லை, அம்மாவிடம்: "அது இன்னா பட்டாளமா? போலீசு. எலக்சனுக்கு பொட்டிக்கு காவல் நிக்கிற வேல. அதுவும் பொட்டப்புள்ள பேண்ட்டு மாட்டிக்கினு. எங்கப்பன் பர்மாவுக்கு நடந்தான், நான் பங்களாதேசு பாத்தேன். என் பேரக் கேட்டா எவனும் சிரிக்கக் கூடாது." அப்புறம் வந்தவர் போனவர்களிடமெல்லாம் தன் மகள் டில்லியில் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப் அடிக்கிறாள் என்று சொல்லி வந்தார். ஊருக்கே தெரியும். ஊரும் ஆமாம் ஆமாம் டைப்பு என்றது. அம்மா செத்தபோது மூன்றாம் நாள் வந்து சேர்ந்தவளைப் பார்த்து, துக்கம் விசாரிக்க வந்திருந்த ஒருவர், "ஆபீசுல லீவு குடுத்தாங்களாம்மா?" என்றார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா விசிறியைப் பார்த்தார். குடுத்தாங்க என்றாள். அப்போது அவளுக்குக் கீழே நூறு பேர் இருந்தார்கள், அன்றைக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. இப்போது டைப் அடித்த விரல்களில் துப்பாக்கியை ஒட்டி இரண்டு மாடிக்குத் தூக்கியாகிவிட்டது. ஃப்ளெக்ஸ் எதை எழுதினாலும் தாங்கும்.

சால்வைகள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் ஏறிப் போர்த்துவார், போட்டோவுக்குத் திரும்புவார், அவர் இறங்குவதற்குள் சுகுமாறன் பின்னாலிருந்து அதை உருவி அடுத்தவர் போர்த்துவதற்கு இடம் பண்ணுவான். அண்ணனின் கைகளுக்கு இப்போதுதான் இந்த வேகம் வந்திருக்கிறது, கால்களுக்கு ஒருநாளும் வரவில்லை. ஏரிக்கரையில் அப்பா அவனை ஓடவைத்த காலம். பட்டாளத்துக் குடும்பம், மூன்றாம் தலைமுறையும் போகவேண்டும், ஊர் முகப்பில் பேர் வெட்டிய கல்லில் பாட்டன் பேர் இருக்கிறது, எப்படிப் போகாமல் இருப்பது? விடியும் முன்னால் எழுப்பிவிடுவார். கையில் கடிகாரம். சுகுமாறன் கரையின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான், வாந்தி எடுப்பான். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பின்னால் வருவது அவள் வேலை. ஒருநாள் செம்பைக் கரையில் வைத்துவிட்டு ஓடிப் பார்த்தாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். ஏரியின் ஈரக்காற்று வாய்க்குள் போய் நெஞ்சு குளிர்ந்தது, நாணல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பின்னால் போனது, அண்ணனைத் தாண்டினாள், அரசமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கும் அப்பால், தள்ளாடி வந்துகொண்டிருந்த மகனைப் பார்த்து, "பொட்டச்சி முந்திட்டா. தூ" என்றார். அவ்வளவுதான். அந்த எச்சில் மண்ணில் உருண்டையாக விழுந்து புழுதி ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள், சந்தோஷமாகப் பார்த்தாள். எவ்வளவு நேரத்தில் ஓடினாள் என்று அவர் சொல்லவேயில்லை. அது தன்னைப் பாராட்டியது இல்லை, தன்னை ஒரு விளக்குமாறு மாதிரி எடுத்து அண்ணனை அடித்தது என்று புரிய எத்தனை வருஷம் ஆயிற்று. வடக்கே ஒரு ஊரில், சந்தை வாசலில் பெண்களைத் தடவிச் சோதிக்கிற வேலையில் இருந்தபோது, காலேஜ் போகிற வயசுப் பெண் ஒருத்தி சோதனை முடிகிறவரை பேசாமல் கையை விரித்து நின்றுவிட்டு, பையை வாங்கிக்கொண்டு, நிதானமாக அவள் பூட்ஸின் மேல் துப்பினாள். கூட இருந்தவர்கள் அந்தப் பெண்ணின் முடியைப் பிடித்துவிட்டார்கள். விடுங்கள் என்றாள் வேதவல்லி. பெருந்தன்மை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் நாணல் வாசனை வந்தது என்று யாரிடம் சொல்வது?

"நில்லு நில்லு, தலைவர் வர்றாரு" என்றான் சுகுமாறன். ஊராட்சித் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். மைக் கையிலேயே இருந்தது. நமது மண், நமது வீரம், நமது பெண் என்றார். மூச்சு வாங்கியது. வெயிலில் அவருடைய பவுடர் கோடு கோடாக வழிந்தது. இதே ஆள்தான் அவள் முதல் தடவை முடியைக் கத்தரித்துக்கொண்டு லீவில் வந்தபோது டீக்கடையில் உட்கார்ந்து, ஏம்பா ஏகாம்பரத்துக்கு ரெண்டாவது பையன் எப்ப பொறந்தான் என்று கேட்டவர். கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் அப்படியே அந்தப் பல்லில் இருந்தது, இப்போது அதன் பேர் பெருமிதம். ஜீப்பை ஒட்டி நடந்துவந்த பெண்களில் ஒருத்தி, கூடப் படித்த மணிமேகலையாகத்தான் இருக்கவேண்டும், உடம்பு பெருத்துவிட்டது, அண்ணாந்து கேட்டாள்.

"இன்னாடி வேதா, யாரையாச்சும் சுட்டுக்கீறியா?"

"இல்ல."

"ஒருத்தர கூடவா?"

"ஒருத்தர கூட இல்ல."

மணிமேகலையின் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி ஏதோ சொன்னாள், அவளும் உதட்டைப் பிதுக்கினாள். சுடாமல் எதற்கு இத்தனை வெடி என்று இருக்கும். என்ன செய்தாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நின்றேன். காட்டு ரோட்டில் கண்ணிவெடி தேடிப் போகிறவர்களுக்குக் காவலாக விடியலிலிருந்து இருட்டும்வரை நின்றேன். ஒதுங்க மறைவு கிடையாது என்பதால் தண்ணீர் குடிக்காமல் நின்றேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அடிவயிறு கல்லாகும், அப்போதும் நின்றேன். என்னைவிடச் சின்னவள் ஒருத்தி முப்பது அடி தள்ளி நின்றிருந்தாள், அவள் நின்ற இடத்தில் மண் எழுந்து இறங்கியது, அதற்குப் பிறகும் ராத்திரிவரை அங்கேயே நின்றேன், ஏனென்றால் மாற்று ஆள் வரவில்லை. இதை மைக்கில் சொல்லலாமா? பேண்டுக்காரன் இதற்கு எந்தப் பாட்டு வாசிப்பான்? இப்போதும் அப்படித்தான் நிற்கிறாள். வெயில், உப்பு, முதுகில் பூ ஈரம், நேற்று ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்காத வாய். கதாநாயகிக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிலைக்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள்?

பிறகு ஏன் வந்தாய், என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். இன்னும் பல வருஷம் சர்வீஸ் இருந்தது. விருப்ப ஓய்வு என்று கையெழுத்துப் போட்டபோது அதிகாரியிடம் முழங்கால் என்றாள். சிநேகிதிகளிடம் அலுத்துவிட்டது என்றாள். சுகுமாறனிடம் அப்பாவுக்கு வயசாகிறது என்றாள், அதைக் கேட்டு அவன் போனிலேயே தழுதழுத்தான், அந்தத் தழுதழுப்பில்தான் இந்த ஊர்வலம் முளைத்திருக்கும். மூன்றும் பொய் இல்லை, மூன்றும் காரணமும் இல்லை. கோயமுத்தூரில் சின்னதாக ஒரு வீடு பார்க்கலாம், யாரையும் தெரியாத தெரு, பால்காரனுக்கு மட்டும் பேர் தெரிந்தால் போதும் என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஆனால் இந்த ஊரில் அல்லவா அவளுடைய இளக்காரம் முழுவதும் இருந்தது. இந்தத் தலைவர், இந்த அண்ணன், வரப்பில் குனிந்த அந்த முதுகு. லடாக்கோ சத்தீஸ்கரோ எங்கே போனாலும் படுத்தவுடன் இவர்களைத்தான் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து முகத்துக்கு நேரே சிரித்துவிட்டுத் தூங்குவாள். அதை விட்டுவிட்டு வேறெங்கே போய்க் குடியிருப்பது? யாரையும் தெரியாத தெருவில் யாரை இகழ்ந்துகொண்டு பொழுதை ஓட்டுவது? அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. அதன் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பு கல் தடுக்கின மாடு மாதிரி நின்று வேறு பக்கம் திரும்பியது. எந்த ரயில், எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு என்று சுகுமாறனுக்கு அவள்தான் எழுதி அனுப்பினாள். அவன் கேட்கும் முன்பே அனுப்பினாள். சும்மா தகவலுக்கு என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். அந்த 'சும்மா'வை நினைத்தபோது, கன்னத்தில் வெயிலுக்கு மேல் இன்னொரு சூடு ஏறியது. நாளைக்கு இந்தச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டால் யார் இருப்பார்கள் அதற்குள்? நைட்டி போட்ட, குரல் கொஞ்சம் தடித்த, கல்யாணம் ஆகாத, அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிற ஒருத்தி.

தெரு முனை திரும்பியதும் சுகுமாறன் ஜீப்பின் படியில் தொற்றி ஏறிக் காதருகில் குனிந்தான். வாயில் பாக்கு வாசனை.

"வேதா, கேளு. வாசல்ல அப்பா நிக்கிறாரு. ஃபுல் மெடலோட. நீ எறங்கி நேரா போய் நில்லு. அவரு ஒரு சல்யூட் அடிப்பாரு. நீ திருப்பி அடி. அடிச்சிட்டு அப்படியே கட்டிப்புடிச்சி அழுதுடு. ட்ரோன் மேல இருக்கும், மேல பாக்காத."

"அப்பாவே சொன்னாரா, சல்யூட் அடிக்கிறேன்னு?"

"நான்தான் சொன்னேன். அப்புறம், அவ இன்னா ரேங்க்கு இப்பன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"அசிஸ்டென்ட் கமாண்டென்ட்னேன். பட்டாளத்துல அது இன்னா வரும்னாரு. கேப்டன் மாதிரின்னு யாரோ சொன்னாங்க. அதுக்கப்புறம் உள்ள போயி பூட்ஸ எடுத்து பாலிஷ் போட ஆரம்பிச்சிட்டாரு."

அதைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவருக்கு அவளைப் பற்றி எழுந்த ஒரே கேள்வி. சாப்பிட்டாளா, தூங்கினாளா, உயிரோடு இருக்கிறாளா என்பது இல்லை. ரேங்க். கிழவன் மாறவேயில்லை. கேப்டன் மாதிரி என்று சொன்னவன் நன்றாயிருக்கட்டும். சுபேதார் மாதிரி என்றிருந்தால் மனுஷன் ஒருவேளை உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. கேட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துப் போட்ட ரங்கோலியின் அந்தப் பக்கம் அவர் நின்றார். கோட்டு தோளில் தொளதொளத்தது, அதற்குள் இருந்த ஆள் பாதியாகிவிட்டிருந்தார். ரெஜிமென்ட் தொப்பி மட்டும் தலையில் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது. பூட்ஸ் கண்ணாடி. வேதவல்லி இறங்கினாள், முழங்கால் சுளீர் என்றது, காட்டிக்கொள்ளாமல் நடந்து சரியான தூரத்தில் நின்றாள். பேண்டு நின்றது. ஏகாம்பரம் குதிகால்களைச் சேர்த்தார், அந்த வயசில் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்ததோ, வலது கை மேலேறி நெற்றியோரத்தில் நின்றது. மணிக்கட்டு நேராக, விரல்கள் சேர்ந்து, ஒரு குறையும் சொல்ல முடியாத சல்யூட். கண் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளுடைய கை எழுந்திருக்கவேண்டும். எழவில்லை. முதலில் அவள் வேண்டுமென்று செய்யவில்லை. பிறகு வேண்டுமென்றே செய்தாள். மேலதிகாரி பதில் சல்யூட் செய்கிறவரை கீழே இருப்பவன் கையை இறக்கக்கூடாது. இது அவளுக்குத் தெரியும். அவள் பிறக்கும் முன்பிருந்தே அவருக்குத் தெரியும். இந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது, தகப்பனும் மகளும் நெகிழ்ந்துபோய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர் கை அங்கேயே நின்றது. நிற்கட்டும். டைப் அடிக்கிற பெண்ணுக்காக நிற்கட்டும். அர்ப்பணித்த கைதானே. முழங்கையில் லேசாக ஒரு நடுக்கம் தொடங்கியது, கோட்டின் கை ஆடியது, மெடல்கள் ஒன்றோடொன்று இடித்து மெல்லச் சத்தம் போட்டன. அவர் நரம்புகள் கழுத்தில் கயிறாகப் புடைத்தன. கையை இறக்கிவிடலாம். பெற்ற மகள், ஓய்வுபெற்ற ஆள், எழுபது தாண்டியாயிற்று, எந்தச் சட்டமும் கேட்காது. இறக்கவில்லை. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். "அடி வேதா, அடி" என்று சுகுமாறன் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், "வீடியோ நீளுது." அந்தக் கை இப்போது உடம்பையே ஆட்டிக்கொண்டிருந்தது, நெற்றியிலிருந்து ஒரு வேர்வைச் சொட்டு புருவத்தில் வந்து தொங்கிக் கண்ணுக்குள் விழுந்தது, அவர் இமைக்கவில்லை, அப்போதுதான் கண்ணைத் தோளிலிருந்து எடுத்து நேராக அவள் முகத்தைப் பார்த்தார். கெஞ்சல் இல்லை அதில். கோபமும் இல்லை. எதையோ அளந்துகொண்டிருந்தார்.

அவள் கை எழுந்தது. அடித்தாள். இறக்கினாள். அதற்குப் பிறகுதான் அவர் இறக்கினார்.

பேண்டு வெடித்துக் கிளம்பியது. சுகுமாறன் இருவரையும் சேர்த்து அணைக்கிற மாதிரி பின்னாலிருந்து தள்ளினான். அப்பாவின் மீசை அவள் காதில் உரசியது, நாப்தலீன் வாசனையும் வேர்வையும். அழப்போகிறார், அல்லது மன்னிச்சுக்கோ என்று ஏதாவது மலிவாகச் சொல்லப்போகிறார், சொல்லட்டும், சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்பு தயாராக இருக்கிறது என்று அவள் பல்லை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"நல்லா நிக்க வச்ச" என்றார் ஏகாம்பரம், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "நானா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வச்சிருப்பேன்."

விலகி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், ஒரு சிப்பாயைச் சரியாக வளர்த்துவிட்ட ஹவில்தாரின் சிரிப்பு. எத்தனையோ மலையில் நின்றபோது வராதது, தோளில் நட்சத்திரம் ஏறியபோது வராதது, இதற்கு வந்துவிட்டது. ஒரு கிழவனை வெயிலில் கையைத் தூக்கி நிற்கவைத்து நடுங்க நடுங்கப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு. என்ன மனுஷன் இது என்று இகழ்ச்சியை எடுக்க உள்ளே கையை விட்டாள். அங்கே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்னப் பிள்ளைக்கு இருப்பது மாதிரி, வெட்கங்கெட்டு, நெஞ்சு குளிர, சந்தோஷமாக இருந்தது. அதைப் போல அருவருப்பான எதையும் அவள் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

அண்ணி கஸ்தூரி ஆரத்தித் தட்டோடு வந்து மூன்று சுற்று சுற்றி நெற்றியில் இட்டாள். "வலது கால எடுத்து வச்சி உள்ள வாம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். வேதவல்லி நிமிர்ந்தாள். பரேடு பழக்கத்தில் இடது கால்தான் முதலில் போயிற்று.